ஆய்வு செய்ய உழவனுக்கு உரிமை இல்லையா?



சென்ற மாதம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தாவரங்களின் இனப்பெருக்கம்தான் அன்றைய தலைப்பு. பேச்சு நெல்லை நோக்கித் திரும்பியபோது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, நாம் சாப்பிடும் பொன்னி அரிசியைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்டான். மின்விளக்கு என்றால் எடிசன், தொலைபேசி என்றால் பெல் என்று படித்துப் பழகிய பிள்ளை அவன். அரிசிக்கும் அப்படி ஒரு பெயர் இருக்கும் என்று எதிர்பார்த்தான். எனக்குத் தெரியவில்லை. "நாளை சொல்கிறேன்" என்று தப்பித்துக்கொண்டேன். ஆசிரியர்களை ஆபத்தில் காப்பாற்றும் சொல் அது!

வீட்டிற்கு வந்து தேடிப் பார்த்தேன். கிடைத்த செய்தி வியப்பளித்தது. நாம் தமிழ்நாட்டு அரிசி என்று பெருமையோடு வாங்கும் பொன்னியின் பூர்வீகம் நம் மலேசியாவில் இருக்கிறது. மலாயாவின் 'மாயாங் எபோஸ் 80' என்ற நெல்லையும் தைவானின் 'தாய்ச்சுங் 65' என்ற நெல்லையும் ஒட்டுச் சேர்த்துப் பிறந்தது 'மஷூரி'. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் திட்டத்தின்கீழ் 1950களில் ஒடிசாவின் கட்டாக்கில் தொடங்கிய கலப்புப் பணியின் பயன் அது. 1965இல் மலேசியாவில் வெளியிடப்பட்டது. அந்த மஷூரிதான் தமிழ்நாட்டிற்குச் சென்று பொன்னி ஆயிற்று. அதன் வழிவந்த வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்டது. இன்று நாம் அதை இறக்குமதி செய்து உண்கிறோம்.

கட்டாக் நிலையத்தின் பெயர் பதிவாகியிருக்கிறது; பல்கலைக்கழகத்தின் பெயரும் பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்த மாயாங் நெல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கதிர் பார்த்துத் தெரிந்தெடுத்து, விதையாகக் காத்துவந்த மலாய் உழவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் செய்ததும் ஆய்வுதானே? அதற்கு ஏன் ஆய்வு என்ற பெயர் கிடைக்கவில்லை?

இந்த எண்ணம் வந்தபோது, சில ஆண்டுகளாக நான் ஆர்வத்தோடு கவனித்துவரும் பிலிப்பைன்ஸ் நாட்டு உழவர் இயக்கம் ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. அதன் பெயர் 'மசிபாக்'. உழவரும் அறிவியலாளரும் வேளாண்மை வளர்ச்சிக்காக இணைதல் என்ற பொருள் தரும் தகாலோகு மொழித் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம் அது. அதே மொழியில் 'மசிபாக்' என்றால் கடும் உழைப்பாளி என்றும் பொருள். பெயர் வைத்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

இந்த இயக்கம் எங்கே பிறந்தது என்பது முக்கியம். உலக நெல் ஆராய்ச்சிக்குத் தலைமையிடம் போன்ற அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் 1960இல் பிலிப்பைன்சின் லோஸ் பான்யோசில் நிறுவப்பட்டது. 1966இல் 'ஐ.ஆர். 8' அங்கிருந்துதான் வெளிவந்தது. குட்டையான தண்டு, உரம் போட்டால் சாயாமல் நின்று கொட்டும் விளைச்சல். அற்புத நெல் என்று உலகமே கொண்டாடியது. 1973இல் மார்க்கோஸ் அரசு 'மசகானா 99' என்ற திட்டத்தைத் தொடங்கியது. எக்டேருக்கு 99 மூட்டை விளைய வேண்டும் என்பது இலக்கு. புதிய விதை, உரம், பூச்சிமருந்து ஆகிய மூன்றையும் வாங்க ஈடு இல்லாமல் கடன் கொடுத்தார்கள்.

விளைச்சல் உயரவில்லை என்று சொன்னால் அது பொய். உயர்ந்தது. 1970களின் பிற்பகுதியில் சிறிது காலம் அந்நாடு அரிசி ஏற்றுமதியும் செய்தது. ஆனால் உரமும் மருந்தும் விலையேறின. கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் ஏராளமான உழவர்கள் தவித்தார்கள். கடன் கொடுத்த கிராம வங்கிகளும் நொடித்தன. பழைய நெல்வகைகள் வயலை விட்டு மறைந்தன. 1984இல் திட்டம் முடிவுக்கு வந்தது. கடன் முடியவில்லை.

மறு ஆண்டு, 1985இல், உழவர் அமைப்புகளும் அவர்கள்பால் பரிவுகொண்ட பல்கலைக்கழக அறிவியலாளர் சிலரும் தொண்டு அமைப்பினரும் கூடி ஒரு மாநாடு நடத்தினார்கள். 'பிகாஸ்' மாநாடு என்று அதற்குப் பெயர். பிகாஸ் என்றால் அரிசி. (மொழியாசிரியன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாம் நெல், அரிசி, சோறு என்று பிரித்துச் சொல்வதைப் போலவே அவர்கள் பாலாய், பிகாஸ், கானின் என்கிறார்கள். மலாயில் பாடி, பெராஸ், நாசி. பெராசும் பிகாசும் ஒரே வேரில் பிறந்தவை. ஆங்கிலத்திற்கோ மூன்றுக்கும் பொதுவாக ஒரே சொல்!) அந்த மாநாட்டில் உழவர்கள் மானியம் கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன்; கடன், நிலம் எல்லாம் பேசினார்கள். ஆனால் அவற்றோடு, விதை எங்கள் கைக்குத் திரும்ப வேண்டும் என்றும் கேட்டார்கள். அங்கிருந்துதான் மசிபாக் பிறந்தது. மார்க்கோஸ் ஆட்சி 1986 பிப்ரவரியில் வீழ்ந்தது. நுவேவா எசிஹா மாநிலத்தின் ஹாயேன் என்ற ஊரில், உழவர்கள் தேடிக் கொண்டுவந்த சில பத்துப் பழைய நெல்வகைகளோடு முதல் ஆய்வு வயல் தொடங்கியது.

அந்த ஆய்வு வயல் செயல்படும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இயக்கத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு சிற்றூரின் உழவர் சங்கம் இதில் சேர விரும்பினால் முதலில் ஓர் ஆய்வு வயலை அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 50 நெல்வகைகளைச் சிறு சிறு பாத்திகளில் அருகருகே நட வேண்டும். இரசாயன உரமும் கிடையாது, பூச்சிமருந்தும் கிடையாது. எல்லா வகைக்கும் ஒரே மண், ஒரே நீர், ஒரே கவனிப்பு. நாற்று நட்ட நாள் முதல் அறுவடை வரை உயரம், தூர் எண்ணிக்கை, பூத்த நாள், நோய், பதர், விளைச்சல் என்று உழவர்களே குறித்து வைக்கிறார்கள். கதிர் முற்றும் நாளில் ஊர் உழவர்கள் கூடி வயலைச் சுற்றி வந்து, தமக்கு ஏற்ற வகைகளைத் தெரிவு செய்கிறார்கள். ஒருவர் காற்றுக்குச் சாயாததைத் தேர்வார். மற்றொருவர் சோறு சுவையாக இருப்பதைக் கேட்பார். கடலோரத்தில் இருப்பவருக்கு உப்பு நீரைத் தாங்குவது வேண்டும். அடுத்த பருவத்தில் அவற்றை ஒவ்வொருவரும் தத்தம் வயலில் நட்டுப் பார்க்கிறார்கள்.

பெரிய ஆராய்ச்சி நிலையம் வேலை செய்யும் முறை இதற்கு நேர் எதிரானது. நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரு நல்ல நெல்லைத் தேடுவது அதன் பணி. மேட்டு நிலத்துக்காரனும் பள்ளத்து நிலத்துக்காரனும் அந்த ஒன்றுக்குத் தம் வயலை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றுவதற்குத்தான் உரமும் நீரும் மருந்தும். மசிபாக் முறையில் நெல் வயலுக்கு ஏற்ப மாறுகிறது. இரண்டு முறைக்கும் இடமுண்டு என்பது என் கருத்து. ஆனால் பணமும் பதவியும் புகழும் ஒரே பக்கம் குவிந்துவிட்டன என்பதை யாரும் மறுக்க முடியாது.

இதோடு நின்றிருந்தால், பழைய விதைகளைக் காக்கும் பல குழுக்களில் ஒன்றாகவே இதுவும் இருந்திருக்கும். இவர்கள் அடுத்த படியும் ஏறினார்கள். தொடக்கத்தில் நெல் ஒட்டுக்கலப்பை அறிவியலாளர்கள் செய்தார்கள். பின்னர் அக்கலையையே உழவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

நெல்லின் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? நம்மில் பலரும் பார்த்திருக்கமாட்டோம். உமியின் இரு பிளவுகளும் முற்பகலில் சிறிது நேரமே திறக்கும். உள்ளே 6 மகரந்தப் பைகள் இருக்கும். தன் மகரந்தம் தன்மீதே விழுந்து மணி பிடித்துவிடும். ஒட்டுச் சேர்க்க வேண்டுமானால், பூ திறப்பதற்கு முன்பே உமியின் நுனியைக் கத்தரித்து, அந்த ஆறு பைகளையும் ஊசிமுனை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். பிறகு கதிரைக் காகித உறையால் மூடி, மறுநாள் வேறொரு நெல்லின் மகரந்தத்தை அதன்மீது உதிர்க்க வேண்டும். ஒரு மாதத்தில் சில மணிகள் கிடைக்கும். அவற்றை விதைத்தால் முதல் தலைமுறை எல்லாம் ஒன்றுபோல் நிற்கும். இரண்டாம் தலைமுறையில்தான் வேடிக்கை! ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று முந்திப் பூக்கும், ஒன்று பூக்கவே தாமதிக்கும். அவற்றிலிருந்து தேர்ந்து தேர்ந்து, ஆறேழு தலைமுறைகள் கழித்து ஒரு நிலையான வகை உருவாகும். ஆண்டுக்கு இரு போகம் என்றாலும் மூன்று நான்கு ஆண்டுப் பொறுமை தேவை.

கத்தரிக்கோல், இடுக்கி, காகித உறை, குறிப்பேடு. இவ்வளவே கருவிகள். வயலில் ஏறியிறங்கிக் காய்த்துப்போன விரல்களால் இதைச் செய்கிறார்கள். இவ்வாறு உழவர்களே பல புதிய நெல்வகைகளை உருவாக்கியிருக்கிறார்கள். பழைய வகைகளையும் சேர்த்தால் அவர்கள் கையில் இருப்பவை இரண்டாயிரத்துக்கும் மேல். வறட்சியைத் தாங்குவன, வெள்ளத்தில் நிற்பன, உவர்நீரில் விளைவன எல்லாம் அவற்றுள் உண்டு. எவற்றுக்கும் காப்புரிமை இல்லை. விதையை விற்பதில்லை, பகிர்ந்துகொள்கிறார்கள்.

இங்கே என் தந்தையாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எந்த நிரையில் எந்த மரம் மழைக்குப் பின் அதிகம் பால் தரும், எந்த மரத்தின் பட்டை சீக்கிரம் காய்ந்துபோகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இலேயே நம் நாட்டில் தொடங்கப்பட்டது. அங்கே உருவான 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' போன்ற ஒட்டு மரங்கள் உலகப் புகழ் பெற்றவை. அந்த மரங்களைத்தான் அவர் வெட்டினார். ஆனால் அந்த முப்பது ஆண்டுகளில் ஒருவர்கூட அவரிடம் வந்து, "இந்த மரத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டதில்லை. பாலின் எடையைக் கேட்டார்கள். அவருக்குத் தெரிந்ததைக் கேட்கவில்லை. அவர் மறைந்தபோது அந்த அறிவும் அவரோடு போயிற்று.

ஆகவேதான் மசிபாக்கின் வளர்ச்சியை உறுப்பினர் எண்ணிக்கையால் மட்டும் அளக்கக் கூடாது என்கிறேன். லூசோன், விசாயாஸ், மிண்டானாவ் என்று மூன்று தீவுப் பகுதிகளிலும் ஏறத்தாழ 30,000 உழவர்கள் இன்று அதில் இருக்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வு வயல்கள் உருவாகியுள்ளன. பெரிய எண்ணிக்கைதான். ஆனால் பிலிப்பைன்சில் நெல் விளைவிப்போர் இரண்டு மில்லியனுக்கும் மேல். அந்தக் கணக்கில் இது சிறு துளி. என்னைக் கவர்ந்தது வேறு. அதன் ஆட்சிக் குழுவில் பெரும்பான்மையினர் உழவர்கள். அறிவியலாளர்கள் துணை நிற்கிறார்கள், கற்றுக்கொடுக்கிறார்கள், கணக்குப் போட உதவுகிறார்கள். எதை ஆராய்வது என்று முடிவு செய்பவர் உழவர். கேள்வி உழவருடையது. நாற்பது ஆண்டுகளை நெருங்கும் ஓர் அமைப்பு அதைக் கைவிடாமல் இருப்பது எளிதன்று. எத்தனையோ உழவர் சங்கங்கள் வளர்ந்தபின் அலுவலகம் பெருத்து, உழவன் விருந்தாளியாகிப் போன கதைகளை நாம் அறிவோம்.

பயன் கண்டார்களா என்று கேட்பீர்கள். 2009இல் ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. 840 உழவர்களை மூன்று பிரிவாக, பிரிவுக்கு 280 பேராக எடுத்து ஆராய்ந்தார்கள். முழுமையாக இயற்கை முறைக்கு மாறியோர் ஒரு பிரிவு, மாறிக்கொண்டிருப்போர் ஒரு பிரிவு, வழக்கமான இரசாயன முறையினர் ஒரு பிரிவு. நெல் விளைச்சல் ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் செலவு குறைந்ததால் இயற்கை உழவரின் எக்டேர் நிகர வருவாய் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உணவு நிலை முன்னைவிட மேம்பட்டது என்று சொன்னோர் இயற்கை உழவரில் 88 விழுக்காடு. வழக்கமான இரசாயன முறையினரில் 44 விழுக்காடு.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. அறிக்கையை வெளியிட்டது மசிபாக்தான். மேலும், இப்படிப்பட்ட அமைப்பில் விரும்பிச் சேரும் உழவர் இயல்பிலேயே ஊக்கமும் அக்கறையும் மிகுந்தவராக இருக்கக்கூடும். அவர் எந்த முறையில் பயிரிட்டாலும் அண்டை வீட்டாரைவிட நன்றாகச் செய்திருப்பார். சிறப்பு வகுப்புக்குத் தாமாக வரும் மாணவர்களின் மதிப்பெண்ணைக் காட்டி வகுப்பின் பெருமை பேசும் ஆசிரியரைப் போன்றது அது. (நானும் பேசியிருக்கிறேன்.) ஆயினும் இத்தனை உழவர்களிடம் நேரில் கணக்குக் கேட்டு எழுதிய ஆவணத்தை ஒதுக்கிவிடவும் முடியாது.

இனி என் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். வைட்டமின் ஏ குறைபாட்டைப் போக்குவதற்காக மரபணு மாற்றி உருவாக்கிய 'தங்க அரிசி'யை மசிபாக் தொடக்கத்திலிருந்தே எதிர்த்து வருகிறது. 2013 ஆகஸ்டு 8ஆம் நாள் காமரினெஸ் சூர் மாநிலத்தில் அதன் சோதனை வயலுக்குள் ஒரு கூட்டம் புகுந்து பயிரைப் பிடுங்கி எறிந்தது. 2021 ஜூலையில் அரசு அந்த நெல்லைப் பயிரிட அனுமதித்தது. மசிபாக்கும் பிறரும் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 2024 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தங்க அரிசிக்கும் பூச்சி எதிர்ப்புக் கத்தரிக்கும் வழங்கிய அனுமதியை நீக்கியது.

இதில் நான் அவர்களோடு முழுமையாக உடன்படவில்லை. தங்க அரிசி உண்ணத் தகாதது என்பதற்குப் போதிய சான்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆஸ்திரேலியா நியூசிலாந்து உணவுத்தர அமைப்பு 2017இலும் கனடா 2018இலும் அது பாதுகாப்பானது என்றே முடிவு கூறின. பயிர் பிடுங்கியதை என்னால் எவ்வகையிலும் ஏற்க இயலாது. யார் நட்டதாக இருந்தாலும் சோதனை வயல் சோதனை வயல்தான். நட்டுப் பார்த்து, அளந்து, பிறகு தீர்ப்புச் சொல்வது என்பதுதானே மசிபாக் உலகுக்குக் காட்டிய வழி? அந்த வழியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு எதைக் காப்பது?

ஆனால் அவர்கள் எழுப்பும் மற்றொரு கேள்வி வலுவானது. இந்த நெல் வேண்டும் என்று கேட்டது யார்? கீரையும் பழமும் வயலோரத்தில் விளைந்த ஊரில் அவை ஏன் மறைந்தன என்று யாரேனும் ஆராய்ந்தார்களா? இதற்கு நேரான விடை இன்னும் வரவில்லை.

வழக்காடுவதும் சில நேரம் பயன் தரத்தான் செய்கிறது. 2010ஆம் ஆண்டின் இயற்கை வேளாண்மைச் சட்டம், வெளி நிறுவனம் ஒன்றின் சான்றிதழ் பெற்றால்தான் விளைபொருளை இயற்கை முறை என்று விற்கலாம் என்றது. சிற்றுழவரால் அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியுமா? உழவரே ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்றளிக்கும் முறையை மசிபாக் முன்பே நடத்திவந்தது. நெடுநாள் போராட்டத்தின் பின் 2020 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டு அத்தகைய முறைக்கும் ஏற்பு கிடைத்தது. நல்லதே. ஆயினும் நீதிமன்றத்திலும் நாடாளுமன்ற வாசலிலும் செலவழியும் ஒவ்வொரு நாளும் ஆய்வு வயலிலிருந்து எடுத்த நாள்தான். இயக்கத்தின் பெயர் செய்தித்தாளில் வழக்குகளால் மட்டுமே தெரியவருமானால் அது வளர்ச்சி ஆகாது.

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நம் நாட்டின் 2004ஆம் ஆண்டுப் புதிய தாவரவகைப் பாதுகாப்புச் சட்டம் உழவர் உருவாக்கிய வகைகளையும் மதிக்கிறது; சிற்றுழவர் தமக்குள் ஓரளவு விதை பரிமாறிக்கொள்ளவும் இடம் தருகிறது. இப்பகுதியில் இது அரிய நற்செயல். ஆனால் 2022இல் நாம் ஏற்றுக்கொண்ட பசிபிக் வணிக ஒப்பந்தம், விதை உருவாக்கும் நிறுவனங்களின் உரிமையை வலுப்படுத்தும் 'யூபோவ்' உடன்படிக்கையின் 1991ஆம் ஆண்டு வடிவத்தில் சேரும் கடமையை உறுப்பு நாடுகளுக்கு விதிக்கிறது. அவ்வாறு சேர்ந்தால் உழவர் விதை பரிமாறும் உரிமை சுருங்கும். இதைப் பற்றி நம்மவரிடையே பேச்சே இல்லை. அரிசி விலை ஐம்பது காசு ஏறினால் பேசுகிறோம்.

அந்த மாணவனுக்கு மறுநாள் மாயாங் எபோஸ் கதையைச் சொன்னேன். "அப்படியென்றால் அவர்கள் பெயர் யாருக்குமே தெரியாதா ஐயா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். தஞ்சோங் காராங்கில் வயல் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் மூன்று வகை நெல்விதை கொடுத்தார். பள்ளித் தோட்டத்தில் மூன்று வாளிகளில் நட்டிருக்கிறோம். எதை ஆராய்வது என்று நான் சொல்லவில்லை. அவர்களையே முடிவு செய்யச் சொன்னேன். விளைச்சல், உயரம் என்று ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்தேன். எந்த நெல்லைச் சிட்டுக்குருவி முதலில் கொத்தும் என்று பார்க்கப் போகிறார்களாம். குறிப்பேட்டில் தலைப்பும் எழுதிவிட்டார்கள். இன்னும் கதிர் வரவில்லை.